திறந்திருக்கும் கோப்பு

இன்று காலை கணினி என்னோடு அடம்பிடித்தது. ஒரு கோப்பை அழிக்கப் போனேன். பயன்பாட்டில் இருக்கிறது, அழிக்க முடியாது என்று திரையில் வந்தது. விண்டோஸின் இந்தக் குணத்தை நீ எவ்வளவு திட்டியிருப்பாய்! உன்னைக் கூப்பிட வாயெடுத்த பிறகுதான் பக்கத்துக் கதிரை காலி என்பது உறைத்தது.

கண்டியில் நமக்கு இருந்தது ஒரே அறை, இரண்டு கணினிகள். என்னுடையது விண்டோஸ், உன்னுடையது லினக்ஸ். இரத்த வங்கி ஒன்றுக்காக எழுதிய நிரல் இரண்டிலும் ஓட வேண்டும். இரண்டுமோ எல்லாவற்றிலும் ஏட்டிக்குப் போட்டி. கோப்புப் பாதையின் சாய்கோடுகூட ஒன்றில் இப்படிச் சாயும், மற்றதில் அப்படி. நீ தற்காலிகக் கோப்பைத் திறந்த கையோடு அழித்துவிடுவாய். லினக்ஸில் அது செல்லும். கோப்பின் பெயர்தான் போகும். நிரல் அதை மூடும்வரை உள்ளே இருப்பது இருக்கும். என் கணினியில் அதே வரியில் நிரல் விழுந்துவிடும்.

"உன்ர பெட்டிக்குத்தான் விசர்," என்பாய்.

"அட போடா, பைத்தியமோ என்னவோ, ரெண்டுலயும் ஓடணும். மொதல்ல மூடு, பொறகு அழி."

முணுமுணுத்துக்கொண்டே மாற்றுவாய்.

அப்படி மாற்றிக்கொண்டிருந்த நாட்களில்தான் நம் அறை இருந்த மஹய்யாவையில் இராணுவச் சுற்றிவளைப்பு நடந்தது. உன் அடையாள அட்டையில் யாழ்ப்பாண விலாசம். "நீ போ, நான் வாறன்," என்று சொல்லி அவர்களின் ஜீப்பில் ஏறினாய். மறுநாள் முகாமுக்குப் போய்க் கேட்டேன். அந்தப் பெயரில் இங்கே யாரும் இல்லை என்றார்கள். கண்ணால் பார்த்தவன் நான் என்று கத்தியும் பயனில்லை.

பெயர் இல்லாவிட்டால் என்ன, ஆள் உள்ளே இருப்பான் என்று நம்பினேன். உன் லினக்ஸ் கொடுத்த நம்பிக்கை அது. உன் அம்மாவுக்கும் அதையே சொன்னேன். போர் முடிந்தும் சொன்னேன்.

நேற்று அம்மா தொலைபேசியில் பேசினார். "தம்பி, எனக்கும் ஏலாமல் வருது. கொண்டுபோன நாளையே வைச்சுப் பிள்ளைக்குத் திவசம் செய்யட்டோ? இருக்கிறான் எண்டு இவ்வளவு காலமும் சொன்னது நீதானே. நீ ஓம் எண்டால்தான் செய்வன்."

ஓம் என்றால் உன்னை நானே சாகடித்ததுபோல் இருக்கும். இல்லை என்றால் அந்த மனுஷி உனக்கு ஒரு பிடி சோறு படைக்காமலே கண்ணை மூடிவிடுவார். எனக்குப் பயமாக இருக்கிறதடா.

"யோசிச்சு சொல்றேம்மா," என்றேன்.

அம்மா தொலைபேசியை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.