வாங்க என்று கேட்டுவிட்டு உள்ளே விடாத பெட்டி

மாப்ள,

இன்று பிரவுசிங் சென்டரில் ஒரு பக்கத்தைப் படித்துவிட்டு மேசையில் ஓங்கிக் குத்தினேன். எவனோ, எந்த ஊரோ, அன்று நாம் மண்டையை உடைத்துக்கொண்ட அதே கேள்வியைக் கேட்டிருக்கிறான்: "படம் வரைந்ததும் என் புரோகிராம் உறைந்துபோகிறது, ஏன்?" பதில் இரண்டே வரி! இந்த இரண்டு வரி தெரியாமலாடா நீ திருப்பூர் பஸ் ஏறினாய்?

ஆத்தங்குடி டைல்ஸ் பதித்தால் தரை எப்படி இருக்கும் என்று திரையில் காட்டும் புரோகிராம், நாம் இரண்டு பேரும் எழுதியது. டைல்ஸ் பட்டறைக்காரருக்குப் பிடித்துவிட்டால் நாம் படித்த கம்ப்யூட்டர் சென்டரிலேயே பாடம் நடத்தும் வேலை உனக்கு என்று சார் சொல்லியிருந்தார். இல்லாவிட்டால் உன் மாமாவோடு பனியன் கம்பெனி. எல்லாம் முடிந்த பிறகு பிடித்தாயே ஒரு பிடிவாதம்!

"வர்றவுகள வாங்கன்னு கேக்காம எப்படிடா உள்ள விடுறது? காரைக்குடில அது மரியாதையா?"

எரிச்சலோடு நான்தான், ஓகே அழுத்தினால் மூடும் அந்த 'வாங்க' பெட்டியை எழுதினேன். திரையை வரைகிற பகுதியிலேயே சொருகிவிட்டேன்.

பட்டறைக்காரர் வந்து உட்கார்ந்தார். பூப்போட்ட தரை வந்தது, அதன்மேல் 'வாங்க'. ஓகே அழுத்தினார். மறுபடி 'வாங்க'. பத்துத் தடவை அழுத்தினார். பெட்டியைத் தாண்டி எதுவும் அசையவில்லை.

"ஏப்பா, வாங்க வாங்கன்னு வாய் நெறையக் கேக்குறீக, உள்ள விடமாட்டேங்கிறீகளே!"

சார் முகம் சிவந்தது. "யாருய்யா இத எழுதுனது?"

நான் வாயைத் திறப்பதற்குள் நீ முந்தினாய். "நான்தான் சார்."

வெளியே வந்து உன் சட்டையைப் பிடித்தேன். "ஏன்டா அப்படிச் சொன்ன?"

"கேக்கச் சொன்னது நான்தானடா. விடு."

திருப்பூரில் நாலாவது மாதமே காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது. உனக்கென்று இருந்த நாற்காலியில் இப்போது நான்தான் உட்கார்ந்து பாடம் நடத்துகிறேன்.

அந்த இரண்டு வரி இதுதான்: பெட்டியை மூடினால், அது மறைத்திருந்த இடத்தைப் புரோகிராம் மறுபடி வரையும். வரையும் பகுதியிலேயே பெட்டி இருந்தால், ஒவ்வொரு தடவையும் அதுவும் கூடவே வரும். ஆரம்பத்தில் வைத்தால் தீர்ந்தது! வைத்தேன். நேரே சாரிடம் போனேன்.

"அந்த 'வாங்க'வத் தப்பான எடத்துல போட்டது நான் சார். அவன் இல்ல."

சார் கைச் சாக்பீஸ் தூளைத் தட்டினார். "அதுக்கென்னப்பா, இப்ப ஓடுதுல்ல?"

ஓடுகிறது. ஒரே ஒரு தடவை 'வாங்க' என்று கேட்கிறது. ஓகே அழுத்தினால் தரை முழுக்கப் பூ. மூடிவிட்டு மறுபடி திறக்கிறேன். மறுபடியும் ஒரே தடவைதான், மாப்ள.