நான்கு விரல் உயரம்

டாக்டர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கு எல்லாரும் நலம். எல்லாரும் என்றால் நான் ஒருத்திதான். ஷெட்டில் நிற்கும் உங்கள் ஜீப்பையும் குடும்பத்தில் சேர்த்துக்கொண்டால் இருவர். உங்கள் கைப்பேசி, அந்த ஜீப்பில் நீங்களே பொருத்திய சார்ஜரில் செருகியபடி கிடந்தது. மறதியா, தீர்மானமா என்று நான் கேட்கப்போவதில்லை. நீங்கள் போய்த் தங்கியிருப்பது உங்கள் அக்கா வீட்டில்; அண்ணியின் முகவரி தெரியும் என்பதால் எழுதுகிறேன். உறையைப் பிரிப்பவர் அவராகத்தான் இருப்பார். தம்பிக்கு வரும் கடிதத்தை அக்கா படிப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. என் ஆட்சேபத்தை யாரும் கேட்டதும் இல்லை.

அன்று நடந்ததை நீங்கள் அண்ணியிடம் சொல்லியிருக்க மாட்டீர்கள். ஆகவே அவருக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். அண்ணி, உங்கள் தம்பி ஓய்வு பெற்றதும் ஒரு பழைய ஃபோர் வீல் டிரைவ் ஜீப்பை வாங்கி ஷெட்டுக்குள் நிறுத்தினார். மலைக்கு அப்பால், வறண்ட ஏரியை ஒட்டிய பாறைச் சமவெளிக்குப் போய், வண்டியிலேயே தங்கி, வண்டியிலேயே சமைத்து, வேண்டியமட்டும் சுற்றிவிட்டு வருவது திட்டம். அதற்காக ஸ்பிரிங்கை மாற்றி வண்டியை உயர்த்தினார். ஆளுயரத்தில் பாதிக்கு வரும் டயர்களைப் போட்டார். முன்னால் சேற்றில் சிக்கினால் வண்டியை இழுத்தெடுக்கும் வின்ச், பின்னால் இழுப்பறைகள், அடியில் தண்ணீர்த் தொட்டி, இரண்டாவதாக ஒரு பேட்டரி, ஆற்றில் இறங்கினால் என்ஜின் மூச்சுவிட மேல்நோக்கி ஒரு குழாய். இவ்வளவுக்கும் மேலே கேரியர். கேரியரின் மேல் மடித்து வைக்கும் கூடாரம். பல் மருத்துவர் அல்லவா, என்ஜினின் இடுக்குகளைக்கூட வாய்க்குள் விடும் அந்தக் குட்டிக் கண்ணாடியை வைத்துத்தான் பார்த்தார்.

கிளம்பும் நாளில் தெருவே ஷெட்டின் முன்னால் நின்றது. வண்டி வெளியே வந்தது. அதாவது பானெட் வந்தது, கண்ணாடி வந்தது. அதன்பின் மேலே ஒரு சத்தம். தூக்கியிருந்த ஷட்டரின் அடிச்சட்டத்தில் கூடாரப் பெட்டி மாட்டிக்கொண்டது. நான்கு விரல் உயரம் அதிகம். டயரில் காற்றை இறக்கி, ஆட்கள் கூடிப் பின்னுக்குத் தள்ளி, வண்டி மறுபடி உள்ளேயே போயிற்று. அப்போது நான் ஒரு வாசகம் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். அவ்வளவுதான் அண்ணி. மறுநாள் உங்கள் தம்பி ஒரு பையோடு உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

வெல்டிங்காரர் வந்து பார்த்தார். கூடாரப் பெட்டியின் முன்முனை நசுங்கியிருக்கிறது; துணிக்குச் சேதம் இல்லை. கேரியரின் கால்களைக் குட்டையாக்கலாம், அல்லது ஷட்டர் உருளையை மேலே ஏற்றலாம் என்றார். எதைச் செய்தாலும் முதலில் ஒழுங்காக அளக்க வேண்டுமாம். ஒழுங்காக என்ற சொல்லை அழுத்திச் சொன்னார்.

தெருவில் பேச்சு அடங்கவில்லை. நேற்று மருந்துக்கடைக்காரர், “என்னம்மா, டாக்டர் இப்பவாவது வாயத் தொறந்து பாத்தாரா?” என்று கேட்டார். என் வாசகத்தை எனக்கே திருப்பி விற்கிறார். அது அவ்வளவு நன்றாக அமைந்துவிட்டது என் குற்றமா? ஒரு கேலியைத் தாங்காதவர் பாறையையும் ஆற்றையும் எப்படித் தாங்குவார் என்பதையும் யோசியுங்கள்.

பிழை யாருக்கும் வரும். நானும் பெரிதுபடுத்தவில்லை. மழை பிடித்துவிட்டால் மலைப்பாதையை மூடிவிடுவார்கள் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். அதை நினைவூட்டுவது மட்டுமே இக்கடிதத்தின் நோக்கம்.

இப்படிக்கு,
உங்கள் வாத்தியாரம்மா


அன்புள்ள டாக்டருக்கு,

நலம். நலமறிய ஆவல் என்று எழுதும் உரிமை எனக்கு இப்போது உண்டா என்று தெரியாததால், நலம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

உங்கள் அஞ்சலட்டை வந்தது. இரண்டாவது பேட்டரியின் இணைப்பைக் கழற்றவும், தண்ணீர்த் தொட்டியை வடித்துவிடவும், வண்டி வாங்க ஆள் இருந்தால் பார்க்குமாறு வெல்டிங்காரரிடம் சொல்லவும். மூன்று வாக்கியம். என் கேலியைப் பற்றி ஒரு சொல் இல்லை. என் மாணவிகள் எவரும் விடைத்தாளில் இவ்வளவு சுருக்கமாக என்னைத் தோற்கடித்ததில்லை.

பேட்டரியைக் கழற்றிவிட்டேன். தொட்டியை வடிக்கவில்லை. வெல்டிங்காரரிடமும் சொல்லவில்லை. ஏன் என்பதைச் சொல்வதற்கு முன்னால் வேறொன்றைச் சொல்ல வேண்டும். அண்ணி, இந்தக் கடிதத்தையும் நீங்கள்தான் பிரித்திருப்பீர்கள். தயவுசெய்து முழுவதும் படியுங்கள். இந்த ஒருமுறை நீங்கள் படிப்பது அவசியம்.

முந்திய கடிதத்தில் நான் சொன்னவை எல்லாம் உண்மை. சொல்லாமல் விட்டது இரண்டு.

ஒன்று, அந்த வாசகம். “நாப்பது வருஷமா பல்லப் புடுங்குறாரு, வாய் எவ்வளவு தொறக்கும்னு பாக்கத் தெரியல.” இதைத்தான் உங்கள் தம்பியின் முகத்துக்கு நேரே, தெருவே கேட்கும்படி சொன்னேன். சொல்லிவிட்டு நானும் சிரித்தேன்.

இரண்டு, வாசலின் உயரத்தை அளந்தது அவர் அல்ல. நான்.

அண்ணி, உங்களுக்குத் தெரியும், காலமெல்லாம் குனிந்து குனிந்து அடுத்தவர் வாயைப் பார்த்த கழுத்து அது. குனிந்தபடி எவ்வளவு நேரமும் வேலை செய்வார். அண்ணாந்து மட்டும் பார்க்க முடியாது, தலை சுற்றும். எங்கள் வீட்டில் பல்பு மாற்றுவது, ஒட்டடை அடிப்பது, மேல்தட்டில் பாத்திரம் எடுப்பது எல்லாம் என் இலாகா. ஆகவே கூடாரம் வாங்குவதற்கு முன்னால் ஒரு காலையில் என்னைக் கூப்பிட்டார். நான் ஒரு கட்டுரையைப் பாதி படித்துக்கொண்டிருந்தேன். முனகிக்கொண்டே போய் ஸ்டூலில் ஏறினேன். அவர் கீழே குத்துக்காலிட்டு டேப்பின் முனையைத் தரையில் பிடித்துக்கொண்டார். நான் மேலே கான்கிரீட் உத்தரம் வரைக்கும் இழுத்து அளவைச் சொன்னேன். அவர் கீழிருந்தபடியே, “ஷட்டர் தூக்கினா கொஞ்சம் தொங்குமே, அதையும் பாத்துத்தான சொல்ற?” என்று கேட்டார்.

நான் பார்க்கவில்லை. தலையைக் கொஞ்சம் திருப்பியிருந்தால் உத்தரத்துக்குப் பின்னால் அது தொங்குவது தெரிந்திருக்கும். “பார்த்தாச்சு” என்றேன். இறங்கிப் போய்க் கட்டுரையின் மறுபாதியைப் படித்தேன். அது என்ன கட்டுரை என்பதுகூட இப்போது நினைவில் இல்லை.

கல்லூரியில் இயற்பியல் சொல்லித்தந்தவள் நான். அளவுகோலுக்கு நேராகக் கண்ணை வை, இல்லாவிட்டால் இடமாறு தோற்றப் பிழை வரும் என்று எத்தனை பெண்களைச் செய்முறை வகுப்பில் கரித்துக்கொட்டியிருக்கிறேன். என்னுடையதற்கு அந்தப் பெயர் பொருந்தாது. கண்ணை எங்கே வைத்தேன் என்பது அல்ல, கண்ணையே வைக்கவில்லை என்பதுதான் விஷயம். அதற்குப் பாடநூலில் பெயர் கிடையாது. வீட்டில் உண்டு: அலட்சியம். அந்த வண்டியை நான் ஒருநாளும் மதித்ததில்லை. கிழவருக்கு வந்த பொம்மை ஆசை என்று என் தோழியிடம் சொல்லியும் இருக்கிறேன்.

இப்போது, டாக்டர், உங்களிடம்.

மேலே சத்தம் கேட்டதுமே எனக்குப் புரிந்துவிட்டது. என்ன மோதியது, எதனால் மோதியது, யாரால் மோதியது எல்லாம். ஸ்டூலும் டேப்பும் நான் சொன்ன அந்த ஒற்றைச் சொல்லும் கண்முன்னால் வந்து நின்றன. புரிந்ததால்தான் முந்திக்கொண்டேன். கூட்டம் சிரித்தே தீரும் என்று தெரிந்தது. யாரைப் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்பதைக் கை காட்டிவிட்டேன். பிழைகூடப் போகட்டும், அது சோம்பல். நான் செய்த இந்தக் காரியத்துக்குச் சோம்பல் என்று பெயர் வைக்க முடியாது. சுறுசுறுப்பாகத்தான் செய்தேன்.

நீங்கள் வண்டியிலிருந்து இறங்கினீர்கள். என்னை ஒருமுறை பார்த்தீர்கள். வெல்டிங்காரர், “யாரு சார் அளந்தது, இப்படியா அளப்பாங்க?” என்று கேட்டார். “நான்தான்பா” என்றீர்கள். நான் கையெட்டும் தூரத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. தேவையில்லாதபோதெல்லாம் திறக்கிற வாய்.

போகட்டும், தெருவில் செய்ததைத் தெருவிலேயே சரிசெய்வோம் என்று தீர்மானித்தேன். குடியிருப்போர் சங்கக் கூட்டத்துக்குப் போனேன். சாக்கடை அடைப்பு, தெருவிளக்கு எல்லாம் முடிந்து, வேறு ஏதாவது உண்டா என்று செயலாளர் கேட்டபோது எழுந்து நின்றேன். ஷெட் வாசலை அளந்தவள் நான், தப்பாகச் சொன்னவளும் நான், அவரை நான் கேலி செய்தது அநியாயம் என்று தெளிவாகச் சொன்னேன். வகுப்பெடுக்கும் குரலில்தான் சொன்னேன், பின்வரிசைக்கும் கேட்டிருக்கும்.

என்ன நடந்தது தெரியுமா? ஒருவரும் நம்பவில்லை. செயலாளரின் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, “புருஷன விட்டுக்குடுக்காம எப்படிப் பழியத் தாங்குறாங்க பாருங்க, கத்துக்கணும்” என்று தன் மருமகளிடம் சொன்னார். மருமகள் என்னை முறைத்தாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். மருந்துக்கடைக்காரர் மறுநாள் எழுந்து நின்று மாத்திரை கொடுத்தார். “டாக்டர் குடுத்து வச்சவரும்மா” என்றார். இந்த வயதில், இந்த வாயை வைத்துக்கொண்டு, எனக்குப் பத்தினிப் பட்டம். கூனிக் குறுகுவது என்றால் என்ன என்பதை இதுவரை சொல்லாகத்தான் அறிந்திருந்தேன். கழற்றிப் போட முயன்றதை இவர்கள் மாலையாக்கி என் கழுத்திலேயே போட்டுவிட்டார்கள். மறுக்க மறுக்க என் பெருமை ஏறுகிறது.

ஆகவே, நான் செய்ததை நம்பக்கூடியவர் உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவர் அதை ஆரம்பத்திலிருந்தே அறிந்தவர். அண்ணி இப்போது இரண்டாவது ஆள்.

இடையில் அண்ணி தொலைபேசியில் கூப்பிட்டு, “அவன்கிட்ட குடுக்கவா?” என்று கேட்டபோது வேண்டாம் என்றேன். என் வாயை நம்பி இனிமேல் எதையும் ஒப்படைப்பதாக இல்லை. காகிதத்திலாவது அடித்துத் திருத்தலாம். இந்தப் பக்கத்தில் கறுப்பாகத் தெரியும் இடங்களில் எல்லாம் சாமர்த்தியமாக ஏதோ எழுதியிருந்தேன் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

தொட்டியை ஏன் வடிக்கவில்லை என்று சொல்கிறேன். வடிகுழாய் எங்கே இருக்கிறது என்று தேடி வண்டிக்குள் ஏறினேன். அதுவரை நான் அதனுள் ஏறிப் பார்த்ததே இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஏறுவதற்கு என் பக்கத்துக் கதவின் கீழே ஒரு மடக்குப் படி வைத்திருக்கிறீர்கள். உங்கள் பக்கம் இல்லை. என் வலது முழங்கால் எவ்வளவு மடங்குமோ அந்த உயரத்தில், ஒரு விரல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. எந்தப் பிடியும் பற்றாமல் ஏறிவிட்டேன். இந்த அளவை எடுக்க நீங்கள் என்னைக் கூப்பிடவில்லை. அதனால் சரியாக இருக்கிறது.

வடிகுழாயைக் கண்டுபிடித்தேன். மூடியில் கை வைத்தேன். பிறகு என் இருக்கையில் போய் உட்கார்ந்துவிட்டேன். மேலே சின்ன விளக்கு, பக்கத்தில் புத்தகம் விழாமலிருக்க வார் வைத்த தட்டு. அங்கே கொஞ்ச நேரம் இருந்தேன். என்ன செய்தேன் என்று எழுத மாட்டேன். என்னிடம் திட்டு வாங்கி அழுத பெண்கள் யாராவது பார்த்திருந்தால் பழைய கணக்கு தீர்ந்தது என்று நினைத்திருப்பார்கள்.

வெல்டிங்காரர் நேற்று மறுபடி வந்தார். தானே அளந்துவிடுவதாகச் சொல்லி ஸ்டூலில் ஏறினார். இறங்குங்கள் என்றேன். அவர் போனபின் நானே ஏறிப் பார்த்தேன். டேப்பின் கீழ்முனை மேல் ஒரு செங்கல்லை வைத்தேன், நழுவியது. இரண்டு வைத்தேன், நான் மேலே இழுத்ததும் முனை விடுபட்டுச் சுருண்டு வந்து கையில் அடித்தது. காயம் ஒன்றும் இல்லை. அடி நியாயமானது.

தென்மேற்கில் மேகம் கூடுகிறது. இன்னும் பாதையை மூடவில்லை, வனச்சாவடியில் விசாரித்துவிட்டேன். வண்டியை விற்பது என்று முடிவானால் விற்றுவிடுங்கள், அது உங்களுடையது. ஆனால் அதை உள்ளேயே வைத்து விற்க முடியாது. வாங்குகிறவனும் அந்த வாசல் வழியாகத்தான் வெளியே கொண்டுபோக வேண்டும். எப்படியும் ஒருமுறை அளந்தே ஆக வேண்டும்.

நீங்கள் கீழே பிடித்துக்கொள்ளுங்கள். நான் ஸ்டூலில் ஏறுகிறேன். ஷட்டரைப் பார்த்தாயா என்று முன்போலவே கேளுங்கள். நம்பிக்கை வராவிட்டால் இன்னொரு முறை கேளுங்கள். எரிச்சல்பட மாட்டேன் என்று வாக்குத் தர இயலாது. இந்த வயதில் அதெல்லாம் நடக்காது. ஆனால் தலையைத் திருப்பி, பார்த்துவிட்டு, அதன் பிறகுதான் பதில் சொல்வேன்.

வந்து கேளுங்கள்.

இப்படிக்கு,
ஸ்டூலின் மேல் நின்றவள்