பெடியள் என்றொரு சொல்

20 ஆகஸ்ட் 1985
தமிழ்க் கடைத்தெருவான லா ஷப்பேலிலிருந்து கிளம்பி, பிரெஞ்சு அரசின் அகதி அலுவலகத்தில் மொழிபெயர்ப்பு. மனுப் போட்டவர் யாழ்ப்பாணத்துக்காரர், இராஜதுரை. "பெடியள் வந்து எங்கடை வீட்டிலை சாப்பிட்டவை. அதுக்கு ஆமி வீட்டைக் கொளுத்திப்போட்டுது" என்றார். பெடியள்? பையன்கள்தானே. "பிள்ளைகள் சாப்பிட்டார்கள்" என்று பிரெஞ்சில் சொன்னேன். பிள்ளைகளுக்குச் சோறு போட்டதற்கா என்று அதிகாரி சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன்.

2 செப்டம்பர்
உலகப் போர் முடிந்து நாற்பது ஆண்டு. தொலைக்காட்சியில் ஜப்பான் சரணடைந்ததைக் காட்டினார்கள். சைகோனைக் காட்டவில்லை. அப்போது அங்கே எனக்கு இருபத்திரண்டு வயது, பிரெஞ்சு அரசாங்கத்தில் தட்டச்சு வேலை. ஜப்பான்காரனிடம் ஆயுதம் பிடுங்க வந்த வெள்ளைக்காரர்கள் அந்தத் துப்பாக்கியை அவனிடமே திருப்பிக் கொடுத்து, சுதந்திரம் கேட்ட வியத்நாமியர்களை அடக்கச் சொன்னார்கள். நான் தட்டச்சு செய்ய எங்கள் மேலதிகாரி அறிக்கை சொன்னார்: "இவர்கள் குழந்தைகள். குழந்தைகள் கையில் நாட்டைக் கொடுக்க முடியாது." ஒரு எழுத்துப் பிழையில்லாமல் அடித்தேன். பாராட்டினார். பெருமையாக இருந்தது — புதுச்சேரியில் பிறந்தாலும் நான் பிரெஞ்சுக்காரன், குழந்தையல்ல என்று. சீ.

14 அக்டோபர்
இராஜதுரையின் மனு தள்ளுபடி. ரூ பெர்தொனே தெருவில் கடை வைத்திருக்கும் யாழ்ப்பாணத்துத் தில்லைநாயகி, உத்தரவில் 'பிள்ளைகள்' என்றிருந்ததைக் கேள்விப்பட்டு என்னைப் பிடித்துக்கொண்டாள். "ஐயா, பெடியள் எண்டால் சின்னப் பிள்ளையளே? இயக்கப் பெடியள்! துவக்கு வைச்சிருக்கிறவை!"
துப்பாக்கி தூக்கிய போராளிகளை நான் பிள்ளைகளாக்கியிருக்கிறேன். எங்கள் புதுச்சேரித் தமிழே தமிழ் என்ற திமிர். திருப்பி அனுப்பினால் அந்த மனுஷனைக் கொன்றுவிடுவார்களே. என் வாயால்தானே?

15 அக்டோபர்
தவறு என்னுடையது என்று மேல்முறையீட்டுக் குழுவுக்கு எழுதிவிட்டேன். "பேரு கெட்டுடுங்க" என்று ரோசாலி அழுதாள். என் மனைவிக்கு என் பெயர் பெரிது. கெடட்டும்.

11 மார்ச் 1986
விசாரணை. எழுந்து நின்று எல்லாம் சொன்னேன். தலைவர் புன்னகையோடு கேட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார், என் காதில் விழும்படியே: "இவரும் அந்தப் பக்கத்துக்காரர். தன் ஆளைக் கண்டதும் மனம் இளகிவிட்டது. குழந்தைகள் மாதிரி, பாவம்."
நாற்பது வருஷம் கழித்து என் முறை.

2 ஏப்ரல்
தள்ளுபடி. இனி மேலே போக இடமில்லை.

9 ஏப்ரல்
இராஜதுரை இப்போது செவ்ரானில், எங்கள் வீட்டில். கீழ்வீட்டு ஜெனவியேவ் யாரென்று கேட்டாள். "என் அண்ணன் மகன், புதுச்சேரியிலிருந்து" என்றேன். முப்பத்தெட்டு வருஷம் அரசாங்க உத்தியோகம் பார்த்தவன். பொய் கூசாமல் வந்தது.
புதுச்சேரிக்காரர் யாராவது பேச்சுக் கொடுத்தால்? "ஓம்" சொல்லக் கூடாது, "ஆமாம்" சொல்ல வேண்டும் என்று ரோசாலி அவருக்குக் காலையிலிருந்து பழக்குகிறாள்.
"புரிஞ்சுதா?" என்று கேட்டாள்.
"ஓம்" என்றார்.