உப்புக் கரித்த மழை

அன்புள்ள தம்பி,

இடது கையால் எழுதுகிறேன். எழுத்து கோணலாகத்தான் இருக்கும்.

திருச்சுழியை வறட்சிப் பகுதி என்று அறிவித்தால், தண்ணீர்ப் பஞ்சமே இல்லை என்று மேடைதோறும் சொன்ன உன் கட்சி தேர்தலில் தோற்கும். அதனால் மழை பெய்ததாகக் காட்ட, பள்ளியில் நான் அளக்கும் மழைமானியில் உன் ஆட்கள் போர்வெல் தண்ணீரை ஊற்றினார்கள். ஊர்க்கூட்டத்தில் அதைத் தீர்த்தம்போல எல்லோர் உள்ளங்கையிலும் விட்டேன்.

"மழைத்தண்ணி உப்புக் கரிக்குமாய்யா?" என்றேன். சனம் சிரித்தது.

"பெஞ்சுச்சுன்னு சொல்லுங்க டீச்சர்!" என்று உன் ஆட்களில் ஒருவன் என் வலது கையை மேசையில் அழுத்திக் கம்பியால் அடித்தான். எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்தது.

"ஏலே, போதும்லே" என்று மேடையிலிருந்து நீ சொன்னது கேட்டது. அது மூன்றாவது அடிக்குப் பிறகு.

அம்மாவிடம் பஸ் படியில் விழுந்ததாகச் சொல்லிவிட்டேன்.

நாளையும் காலையில் அளப்பேன். ஊற்றுவதென்றால் நீயே வந்து ஊற்று.

அக்கா