பந்தலிலிருந்து ஆடிய பதினொரு பேர்

நேற்று சாயங்காலம் அம்பத்தூர் ஓ.டி.யில் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஷிப்ட் முடித்து வந்த ஒருவன் பக்கத்தில் வந்து நின்றான். அவன் சட்டையில் கூலன்ட் வாசனை. லேத்தில் ஓடுகிற இரும்பு சூடேறிவிடாமல் மேலே விடுகிற அந்தப் பால்நிறத் தண்ணீர். எந்தச் சோப்புக்கும் போகாது. நீதான் என்று திரும்பிவிட்டேன். திரும்பிய பிறகுதான் புத்தி வந்தது. நீ போய் வருடங்கள் ஆகின்றன. நீ போவதற்கு முன்பே உன் சட்டையை விட்டு அந்த வாசனை போயிருந்தது. கடைசியில் உன்மேல் வெறும் மணல் வாசனைதான்.

பின்னால் டி.வி. கடையில் கால்பந்து ஓடிக்கொண்டிருந்தது. வெளியூரில் ஏதோ போட்டி. நம் நாட்டு அணி இரண்டு கோல் வாங்கியிருந்தது. கடை வாசலில் நின்ற கூட்டத்தில் ஒருவன் கத்தினான்: "சேனல மாத்துபா. தோக்கறவனுங்கள இன்னாத்துக்குப் பாத்துகினு கீறே?"

இதே கேள்வியை ஒரு காலத்தில் உன்னிடம் கேட்டவன் நான். வந்த பஸ்ஸை விட்டுவிட்டு அங்கேயே நின்றுவிட்டேன்.

நம் கம்பெனி கதவை இழுத்துப் பூட்டிய காலம் உனக்கு மறந்திருக்காது. வருடக்கணக்காகத் தினக்கூலியாக வைத்திருக்கிறவர்களை நிரந்தரமாக்கு என்று கேட்டோம். மறுநாள் காலை போனால் கேட்டில் பூட்டு. எதிரே சவுக்குக் கம்பு நட்டு, கீற்றுப் போட்டு, பந்தலில் உட்கார்ந்தோம். முதல் வாரம் கோஷம். இரண்டாவது வாரம் சீட்டாட்டம். அதற்கப்புறம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தோம். அப்போதுதான் ஒரு சாயங்காலம் நீ டிரான்சிஸ்டரைத் தூக்கிக்கொண்டு வந்தாய்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஊட்ல அரிசி இல்ல. உனக்கு ஃபுட்பால் கேக்குதா?" என்றேன்.

"அரிசி இருந்தா மட்டும் நீ கேப்பியா இன்னா?"

"இந்த நாடு நமக்கு இன்னா பண்ணிச்சு? அது ஜெயிச்சா எனக்கு இன்னா, தோத்தா எனக்கு இன்னா?"

"எங்க மச்சான் ஜெயிக்குது? தோத்துகினுதான் கீது. நம்மாளுங்கதான்."

சிரிக்காமல் சொன்னாய். பந்தல் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அப்போது எனக்குச் சிரிக்கிறவர்கள் எல்லோருமே எதிரிகள்.

ரேடியோவில் வர்ணனை கொஞ்ச நேரம் இந்தியில் வரும், கொஞ்ச நேரம் இங்கிலீஷில் வரும். உனக்கு இந்தி வரும். உன் அப்பா வடக்கே ஒரு ராணுவத் தொழிற்சாலையில் வேலை பார்த்து, அப்புறம் ஆவடிக்கு மாற்றலாகி வந்தவர். அவர் ரிட்டயர் ஆனதும் குவார்ட்டர்ஸைப் பிடுங்கிக்கொண்டார்கள். உனக்கு அங்கே வேலையும் தரவில்லை. அவர்களிடமிருந்து உனக்கு மிஞ்சியது இந்தி மட்டும்தான்.

ஆட்டக்காரர்களின் பேர்கள் நம் ஆட்கள் வாயில் நிற்கவில்லை. யார் பந்தை வைத்திருக்கிறான், யார் விட்டான் என்று ஒன்றும் புரியாமல் கொட்டாவி விட்டார்கள். நீ ரேடியோவைக் காதிலிருந்து எடுத்துவிட்டுப் பந்தலை ஒரு சுற்றுப் பார்த்தாய்.

"சரி, கேட்டுக்கோ. கோலி யாரு? நம்ம எட்டியப்பன்."

ஸ்டோர்ஸில் வேலை பார்த்த எட்டியப்பன் மூலையில் தூங்கிக்கொண்டிருந்தார். நம் எல்லோரிலும் வயதானவர். "எழுந்திரு எட்டியப்பண்ணே, பந்து வருது!" என்று நீ கத்தியதும் அவர் பதறி எழுந்து இரண்டு கையையும் நீட்டினார். அன்று பந்தலில் எழுந்த சிரிப்பு ரோட்டில் போன பஸ்ஸுக்குக் கேட்டிருக்கும்.

டிரில்லிங் மெஷின் தாஸ் சென்டர் ஃபார்வர்டு. புதுமாப்பிள்ளை, வேகமாக ஓடுவான் என்று காரணம் சொன்னாய். இப்படியே மொய்தீன், மற்றவர்கள் என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டு இறக்கினாய். கடைசியாக என்னைப் பார்த்தாய். "சேகரு லெஃப்ட் பேக்கு. எப்பப் பாரு குறுக்கவே நிப்பான்."

"எம் பேர எடு," என்றேன்.

"ஒரு தபா வெச்சா வெச்சதுதான் மச்சான்."

"உம் பேரு எங்க?"

"நான் ரேடியோ. ரேடியோ எங்கியாவது ஆடுமா?"

உன் பொய்யைப் பிடிக்கத்தான் முதலில் காது கொடுத்தேன். இந்தி தெரியாதவர்களிடம் என்ன வேண்டுமானாலும் அளக்கலாம். எனக்கு ஐ.டி.ஐ. படித்த இங்கிலீஷ் கொஞ்சம் இருந்தது. வர்ணனை இங்கிலீஷுக்கு மாறும்போதெல்லாம் கூர்ந்து கேட்டேன். நீ சொன்ன ஸ்கோரும் ரேடியோ சொன்ன ஸ்கோரும் ஒன்றாகவே இருந்தன. அந்த முதல் ஆட்டத்தில் மூன்று கோல் வாங்கினோம். மூன்று என்றுதான் சொன்னாய்.

எட்டியப்பன் கெஞ்சினார். "நைனா, நான்தானே கோலி? ஊட்ல போயி சொல்லணும்டா. ஒண்ண கொறச்சு சொல்லேன்."

"பேரு நான் வெக்கிறதுண்ணே. ஸ்கோரு நான் வெக்கிறது இல்ல."

இதைச் சொன்னபோது உன் குரலில் விளையாட்டு இல்லை. நம் சங்கத் தலைவர் வாரத்துக்கு ஒருமுறை காரில் வருவார். பேச்சுவார்த்தை கனிந்து வருகிறது, வெற்றி தொலைவில் இல்லை என்பார். மாலையைக் கழற்றிக் கீற்றில் மாட்டிவிட்டுப் போய்விடுவார். "இவரு ஸ்கோர மட்டும் சொல்லவே மாட்டேன்றாரே," என்று நீ மெதுவாகச் சொன்னாய். கேட்ட நாலு பேர் சிரித்தார்கள். அதற்கப்புறம் அந்த நாலு பேருக்கும் தூக்கம் போயிருக்கும்.

எப்போது எனக்கு அந்த அணி ஒட்டிக்கொண்டது என்று சரியாகத் தெரியவில்லை. இரண்டாவது ஆட்டத்தில் 'சேகர்' கீழே விழுந்தான். காலில் மிதித்துவிட்டார்கள் என்றாய். நான் என் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்தவன் பார்த்துச் சிரித்ததும் கையை எடுத்துவிட்டேன். அந்த ஆட்டமும் தோல்விதான். வீட்டுக்கு நடக்கும்போது சேக்காடு ரயில்வே கேட்டில் நின்று யோசித்தேன்: மிதிபட்டவன் எழுந்தானா? அதை நீ சொல்லவில்லையே? மறுநாள் முதல் வேலையாக உன்னிடம் அதைத்தான் கேட்டேன்.

"எழுந்துட்டான் எழுந்துட்டான். எங்க போவான்?" என்றாய்.

இதற்குள் பந்தல் காலியாகத் தொடங்கியிருந்தது. இனி சங்கத்தில் இருக்க மாட்டேன், எதுவும் கேட்க மாட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் உள்ளே விடுவதாகக் கம்பெனி சொன்னது. முதலில் இருட்டோடு இருட்டாக ஒருவர் இருவராகப் போனார்கள். பிறகு பகலிலேயே போனார்கள். கடைசி ஆட்டத்தன்று காலையில் தாஸ் போனான். மனைவி மாசமாக இருந்தாள். தலையைக் குனிந்துகொண்டு நம் எதிரிலேயே கேட்டைத் தாண்டினான். "த்தூ, கருங்காலி!" என்று துப்பியவர்களில் நானும் உண்டு. நீ மட்டும் துப்பவில்லை.

சாயங்காலம் ரேடியோவைத் திருகினாய். பந்தலில் பதினைந்து பேர்கூட இல்லை. "தாஸு பேர எடுத்துட்டு சொல்லு," என்றான் ஒருவன். "உள்ள போனவன் பேரு ஒண்ணு வரக் கூடாது."

"ஆட்டம் நடக்குறப்ப நான் யாரையும் எறக்க முடியாதுபா."

"அப்ப நீயும் நாளைக்கு உள்ள போறே. அதான?"

நீ அவனைப் பார்த்தாய். வர்ணனையைச் சொல்ல ஆரம்பித்தாய். உள்ளே மெஷின் ஓடுகிற சத்தம் எதிரே கேட்டுக்கொண்டிருந்தது. அதில் ஒரு டிரில் தாஸின் கையில்.

முதலில் நாம் ஒரு கோல் வாங்கினோம். பிறகு பாதி ஆட்டத்துக்கு மேல் ஒன்றுமில்லை. திடீரென்று உன் குரல் எழும்பியது. "மொய்தீன் எடுத்துகினு போறான்… ரெண்டு பேரத் தாண்டிட்டான்… தாஸுக்குப் போட்டான்… தாஸு…" நீ நிறுத்தினாய். ரேடியோ இரைந்தது. உனக்குத் தெரிந்துவிட்டது, எங்களுக்குத் தெரியவில்லை. அப்புறம் அடங்கிய குரலில் சொன்னாய்: "கோலு. தாஸு அட்ச்சிட்டான்."

அந்தப் போட்டியில் நம் அணி அடித்த ஒரே கோல். ஒருவரும் கை தட்டவில்லை. காலையில் துப்பிய பேருக்கு எப்படித் தட்டுவது? ரேடியோவில் மட்டும் யாரோ முகம் தெரியாதவர்கள் ஆரவாரம் செய்துகொண்டிருந்தார்கள். நீ என்னைப் பார்த்தாய் என்று நினைக்கிறேன்.

நான் எழுந்தேன். கேட்டைப் பார்த்துக் கத்தினேன்: "டேய் தாஸு! கோலுடா! நீ அட்ச்சிட்டேடா!"

வாட்ச்மேன் எட்டிப் பார்த்தான். எட்டியப்பன் கை தட்டினார். பிறகு இன்னும் இரண்டு பேர். தாஸ் பேரை எடுக்கச் சொன்னவன் தலையைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதான். எதற்கு அழுதான் என்று நாம் கேட்கவில்லை.

கடைசி நிமிடங்களில் இன்னொரு கோல் விழுந்தது. நம் பக்கத்தில்.

"யாரு உட்டது?" என்றார் எட்டியப்பன்.

நீ என்னைப் பார்த்து, "லெஃப்ட் பேக்கு வழுக்கிட்டான்," என்றாய். "உன்னாலதான் போச்சு மச்சான்."

"மாத்திச் சொல்லேண்டா," என்று நானே கேட்டேன். நீ ரேடியோவை அணைத்து உறையில் போட்டாய். "தோத்துட்டோம்," என்றாய். ஆட்டத்தை மட்டும் சொல்லவில்லை என்பது பந்தலில் இருந்த எல்லோருக்கும் தெரிந்தது. மறுநாள் பந்தலைப் பிரித்தோம். தலைவர் வரவில்லை.

மற்றவர்களைப் பிரித்துப் பிரித்து எடுத்துக்கொண்டார்கள். உன்னையும் என்னையும் எடுக்கவில்லை. நான் கான்ட்ராக்டரிடம் போனேன். இன்றும் கான்ட்ராக்டில்தான் இருக்கிறேன். நிரந்தரம் என்ற வார்த்தையை இப்போது எஸ்டேட்டில் யாரும் சொல்வதுகூட இல்லை. நீ ஒரு பட்டறைக்குப் போனாய். வார்ப்பு இரும்பின்மேல் காற்றோடு மணலை அடித்துத் துரு எடுக்கிற வேலை. மூக்கில் ஒரு கைக்குட்டை, அவ்வளவுதான். மணல் உள்ளே போய்க்கொண்டே இருந்தது. தாம்பரம் ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்த்தபோது நாலு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கினாய். அத்தனை பேருக்கும் கேட்கும்படி கத்திய தொண்டை.

"பேட்டரி… வீக்கு… மச்சான்," என்றாய். அன்று நான் சிரித்திருக்க வேண்டும். முடியவில்லை.

நீ போன பிறகு உன் மனைவியோடு அந்தப் பட்டறைக்குப் போனேன். ஏதாவது நஷ்டஈடு கேட்கலாம் என்று. முதலாளி நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை. உன் பேரைக் கேட்டுவிட்டு, "அப்பிடி ஒரு ஆளு எங்ககிட்ட வேலையே செய்யலியே," என்றான். உன்னை மாதிரியே மூக்கில் கைக்குட்டை கட்டிய மூன்று பேர் அவன் பின்னால் மணல் அடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் ஒருவரும் எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உன் மனைவி வெளியே வந்து நடக்கத் தொடங்கினாள். எஸ்டேட் முழுக்க, ஓ.டி. வரைக்கும் அப்படியே நடந்தாள்.

உன்னைக் கொண்டுபோன அன்று சுடுகாட்டில் தாஸ் வந்து தள்ளி நின்றிருந்தான். எல்லோரும் கலைந்த பிறகு கிட்டே வந்தான். "அன்னிக்கு எம் பேருல ஒரு கோலு வுழுந்துச்சாமே. உள்ள கேட்டுது. நெசமா சேகரு?"

"நெசம்தான்."

"நான் போனப்புறமுமா எம் பேர சொன்னான்?"

நான் தலையசைத்தேன். அவன் அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.

நேற்று ஓ.டி.யில் ஆட்டம் முடிய இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. டி.வி.யில் ஒருவன் கோட்டுக்கு வெளியே நின்று கால்களை உதறிக்கொண்டிருந்தான். மாற்று ஆட்டக்காரன். ஒல்லி. பேர் கீழே ஓடியது. நான் படிக்கவில்லை. அவனுக்கு உன் பேரை வைத்தேன். நீ ஒருபோதும் போட்டுக்கொள்ளாத பேர், அந்தப் பட்டறைக்காரன் தெரியாது என்று சொன்ன பேர். ஒரு தபா வைத்தால் வைத்ததுதான்.

நீ இறங்கினாய். மூச்சு வாங்காமல் ஓடினாய். பந்து உன்னிடம் இரண்டு முறை வந்தது. முதல் முறை பறிகொடுத்தாய். இரண்டாவது முறை ஓரமாக எடுத்துக்கொண்டு போய் உதைத்தாய். கோலுக்கு வெகுதூரம் மேலே போனது. கடைசி விசில் ஊதினார்கள்.

கடைக்காரர் ஷட்டரைப் பாதி இழுத்தார். அப்போதுதான் வந்த ஒருவன் என் தோளைத் தொட்டு, "இன்னா அண்ணாத்தே, இன்னா ஆச்சு நம்மாளுங்க?" என்றான்.

நம்மாளுங்க என்று அவனாகவே சொன்னான். அவன் கண்ணில் ஒரு ஆசை இருந்தது. ஒரு கோலாவது குறைத்துச் சொல்லலாமா என்று வாய் வரைக்கும் வந்தது.

"ரெண்டு கோலு. தோத்துட்டோம்," என்றேன்.