மைதானத்தைத் தொட்டுக் கும்பிட்டது

பிளேஸ்டோ, லண்டன்
12.10.1986

அன்பின் புனிதவதிக்கு,

நான் சுகம். நீரும் அப்புவும் சுகம்தானே? முழங்கால் இனிச் சரிவராதெண்டு உதைபந்தாட்டக் கிளப்பில என்னை ஆட்டத்தால நிப்பாட்டிப்போட்டினம். பத்து வயதுப் பிள்ளையளுக்குப் பந்தடி பழக்கச் சொல்லியிருக்கினம்.

முதல்நாள் பழைய பழக்கத்தில குந்தி, மைதானத்தைத் தொட்டுக் கும்பிட்டன். அதுவும் பயிற்சியெண்டு நினைச்சு, பன்னிரண்டு வெள்ளைக்காரப் பிள்ளையளும் அப்பிடியே குந்தித் தொட்டுதுகள். எனக்குச் சிரிப்பு வந்திட்டுது. ஆனால் முழங்கால் பிடிச்சு, எழும்ப ஏலாமல் போச்சுது. நான் எழும்புமட்டும் ஒரு பிள்ளையும் எழும்பேல்லை.

ஆரும் இஞ்சை வந்தால் நோவெண்ணெய் ஒரு போத்தில் குடுத்துவிடும். முழங்கால்தானே, நானே பூசுவன்.

அப்புவுக்குச் சொல்லவேண்டாம். மகன் லண்டனில ஆடுறான் எண்டு அவர் சந்தியில சொல்லிக்கொண்டிருக்கட்டும்.

பஸ்ஸுக்கு நேரமாச்சு.

உம்முடைய
தர்மகுலசிங்கம்