வாளியில் ஊறிய மரத்தலை

ஆகஸ்ட் 12, செவ்வாய்

கோல்ஃப் மட்டைகளைக் கழுவும் வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. எப்போதும் போல இன்று காலையும் எல்லாவற்றையும் சோப்புத் தண்ணீர் வாளியில் தலைகீழாக நிறுத்தினேன். ஒன்றின் தலை மட்டும் மூடிய கை அளவே இருந்தது. கறுப்பு வண்ணம் பூசியிருந்ததால் அதையும் உலோகம் என்றே நினைத்தேன். மதியம் எடுத்தபோது தலை உப்பி, வண்ணம் வெடித்திருந்தது.

சூப்பர்வைசர் மணி அண்ணன் கத்தினார். "அலமாக், ஐயய்யோ! யாரு லா இத ஊறப் போட்டது? இப்ப வர்றதெல்லாம் டைட்டானியம், உள்ள வெறும் கூடு. அதான் அவ்ளோ பெருசா இருந்தும் லேசா இருக்கு. இது அந்தக் காலத்து முழு மரம். தண்ணி குடிச்சா ஊதிடும்ல!"

நான் குனிந்து அடுத்த மட்டையைத் துடைத்தேன். அவர் என்னோடு மட்டை கழுவும் ரேவதியைப் பார்த்தார்.

"நான் இல்லண்ணே."

அவர் நம்பவில்லை. நான்தான் என்று ரேவதிக்குத் தெரியும். ஆனாலும் காட்டிக்கொடுக்கவில்லை. அங்கே என்னோடு பேசுகிற ஒரே ஆள் அவள்தான்.

தினமும் வேலை முடிந்து திரும்பும் வேனில் பக்கத்து இருக்கையில் பையை வைத்து எனக்கு இடம் பிடிப்பாள். நான் வந்ததும் எடுத்துவிடுவாள். இன்று நாங்கள் இறங்கும் ஊரான ஸ்கூடாய் வரும்வரை பை அங்கேயே இருந்தது.

நாளை சொல்லிவிட வேண்டும். "நான்தாண்ணே போட்டேன்." இந்த அறையில் தனியாகச் சொல்லிப் பார்க்கும்போது நன்றாகத்தான் வருகிறது.